சிவப்புச் சக்களத்தி – அத்தியாயம் 9: வலது பக்கத்துத் துரு

“கைய எடுங்க அண்ணாச்சி! நீங்க தூக்க வேண்டாம். ஓரமா நின்னு சாமி கும்பிடுங்க, அது போதும்!”

கிளைட்டன் போட்ட சத்தத்தில் மந்திரமூர்த்தி காரின் மேலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இடுப்பில் வைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை. கடைசியில் மனைவியின் தோளில் வைத்தார்.

முருகேஸ்வரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பட்டப்பகலில், திரேஸ்புரம் கடற்கரையில், அத்தனை ஆம்பளைகள் பார்க்க! ஆனாலும் தோளை அவள் நகர்த்திக்கொள்ளவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

மனுஷர் இப்படித் தவித்துப்போனதற்குக் காரணம் இருந்தது. அவருடைய சிவப்புக் காரை இன்று இரண்டாகப் பிரிக்கப்போகிறார்கள்.

இரண்டே சீட்டு, மடக்குகிற கூரை, தரையோடு தரையாகப் பறக்கிற உடம்பு. பெயின்ட் கடைக்காரரான மந்திரமூர்த்தி, பிள்ளைகள் சின்னதாக இருந்த காலத்தில், ஆசைப்பட்டு ஓட்டி வந்த கார் அது. ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்த முருகேஸ்வரி முதலில் சீட்டைத்தான் எண்ணினாள். “வீட்டுல நாம நாலு பேரு. பிள்ளைகள எங்கன வைப்பீங்க, டிக்கியிலயா?” என்று கேட்டாள். நின்ற நிலையிலேயே திருச்செந்தூர் முருகன் மேல் ஆணையிட்டாள். பிள்ளைகள் இருவரும் சொந்தக் காரில் ஏறுகிற நாள் வரைக்கும் இந்தச் சக்களத்தியில் அவள் கால் வைக்க மாட்டாள்.

வைக்கவும் இல்லை. பஸ்ஸில் போனாள், ஆட்டோவில் போனாள், ஒரு தடவை விளாத்திகுளத்துக்கு, பிறந்த வீட்டுக்கு, சிமென்ட் லாரியில்கூடப் போனாள். சக்களத்தியில் மட்டும் ஏறவில்லை. வீம்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

மகன் ஜெயகணேஷ் ஷார்ஜாவில் கார் வாங்கிவிட்டான். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கும் மகள் ரம்யாவும் சமீபத்தில் ஒரு வெள்ளைக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் முருகேஸ்வரி யார் முகத்தையும் பார்க்காமல், “அந்தச் சக்களத்தி இன்னும் ஓடுமா?” என்று கேட்டதையும், மந்திரமூர்த்திக்குப் புரையேறியதையும் போன வாரம் பார்த்தோம்.

ஓடும். இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்து பார்ப்பார். காரின் மேலுடம்பு ஃபைபர், அது துருப்பிடிக்காது. அதைத் தாங்குகிற இரும்புச் சட்டம், அதாவது சேசிஸ், இற்றுப்போயிருந்தால் பதிவு கிடையாது, நேராகக் காயலான் கடைதான். கடல் காற்றில் இத்தனை வருஷம் நின்ற இரும்பு எப்படி இருக்கிறதென்று, மேலுடம்பைத் தூக்கினால்தானே தெரியும்?

ஃபைபரைத் தூக்க வேண்டும் என்றால் தூத்துக்குடியில் மெக்கானிக்கையா தேடுவார்கள்? படகு கட்டுகிற கிளைட்டனிடம் வந்துவிட்டார்கள்.

முருகேஸ்வரி ஒரு காரியத்தை யாரிடமும் சொல்லவில்லை. பீரோவில் மாம்பழ நிறப் பட்டு ஒன்றை எடுத்துத் தனியாக வைத்திருந்தாள். ரவிக்கையைப் பிரித்துத் தைத்து வாங்கியாகிவிட்டது. விளாத்திகுளத்தில் தம்பி வீட்டு வாசலில், தெருவே பார்க்க, அந்தக் காரிலிருந்து அவள் இறங்க வேண்டும். ஒரே ஒரு தடவை போதும். அதற்குப் பிறகு சக்களத்தி எப்படிப் போனாலும் சரி.

“தோள் குடுங்கலே! ஒரு பக்கமா சாச்சிராதீங்க!” என்று கத்தினார் கிளைட்டன்.

வள்ளம் தள்ளுகிற ஆட்கள் காரின் மேலுடம்புக்கு அடியில் சவுக்குக் கம்புகளை நுழைத்துக் கயிறு போட்டிருந்தார்கள். போல்ட்டுகளையெல்லாம் காலையிலேயே கழற்றியாகிவிட்டது. கம்புகள் தோளுக்கு ஏறின. “ஏலோ!” என்று ஒரு குரல் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து வாங்க, சிவப்பு உடம்பு ஒரு முனகலோடு சட்டத்தை விட்டுக் கிளம்பியது. ரம்யா செல்போனில் படம் எடுத்தபடியே கூடவே ஓடினாள்.

“மெதுவாலே! பொம்பளப்பிள்ள மாதிரி வளத்த வண்டிலே!” என்று மந்திரமூர்த்தியும் பின்னாலேயே ஓடினார்.

“எம் பிள்ளையக்கூட இப்படித் தூக்கச் சொல்லலையே இந்த மனுஷன்,” என்றாள் முருகேஸ்வரி. தூக்குகிறவர்களுக்குச் சிரிப்பு வந்து கம்பு ஆடியது. கிளைட்டன் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அக்கா, கீழ வைக்கிற வரைக்கும் பேசாதீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

உடம்பை மணல் மூட்டைகள் மேல் பத்திரமாக இறக்கினார்கள். எல்லாருடைய கண்ணும் இப்போது சட்டத்தின் மேல் திரும்பியது.

சும்மா சொல்லக் கூடாது, சட்டம் பளபளவென்றுதான் இருந்தது. “பாத்தீங்களா? வருஷா வருஷம் என் கையாலேயே ரெட் ஆக்சைடு அடிச்சது. ஊருக்கெல்லாம் பெயின்ட் விக்கவன் வண்டியில துரு வருமா?” என்று மந்திரமூர்த்தி மீசையைத் தடவினார்.

சட்டத்தைப் பார்க்க வெல்டர் ராஜதுரையும் வந்திருந்தார். துறைமுகத்துக்கு வந்துபோகிற லாரிகளின் சேசிஸ்களோடு மல்லுக்கட்டுகிறவர் அவர், மேல்பூச்சை நம்புகிற ரகம் இல்லை. சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். இடது பக்கச் சட்டத்தை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். ஒவ்வொன்றுக்கும் மந்திரமூர்த்தி தலையாட்டினார்.

வலது பக்கம் வந்தார். டங். டங். டிரைவர் சீட்டு இருந்த இடத்துக்குக் கீழே வந்தபோது சத்தம் மாறியது. டொக்.

“என்ன அது?” என்றார் மந்திரமூர்த்தி.

ராஜதுரை இன்னொரு தட்டுத் தட்டினார். சுத்தியல் அப்படியே உள்ளே போய்விட்டது.

ராஜதுரை ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் கிளறினார். பெயின்ட் தோல் தோலாக உரிந்தது. அதற்குள்ளே இரும்பு என்று ஒன்று இல்லவே இல்லை. ஈரமான செம்மண் மாதிரித் துருதான் கொட்டியது.

“ஆச்சரியமா இருக்கு அண்ணாச்சி. கடல் காத்துன்னா ரெண்டு பக்கமும்லா போகணும்? இங்கன மட்டும் கரையான் அரிச்ச கணக்கா அரிச்சிருக்கு,” என்றார். துரு விழுந்த ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டார். முகம் சுருங்கியது. எதையோ பிடித்து இழுத்தார்.

கறுப்புத் துணி முடிச்சு ஒன்று வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் நாலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஒரு முடிச்சு கிழிந்து, உள்ளேயிருந்து காய்ந்த மிளகாய்க் காம்பும் கரைந்துபோன உப்பும் மணலில் விழுந்தன.

ராஜதுரை சுத்தியலைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். “யாரோ செய்வினை வச்சிருக்காங்க அண்ணாச்சி!”

“மாதாவே!” என்று கிளைட்டன் சிலுவை போட்டுக்கொண்டார். வள்ளத்து ஆட்கள் இரண்டடி பின்னால் போனார்கள். கொஞ்சம் முன்னால் காரையே தோளில் சுமந்தவர்களுக்கு, ஒரு கைப்பிடித் துணியைப் பார்க்க முடியவில்லை.

முருகேஸ்வரி மட்டும் பின்வாங்கவில்லை.

அவளுக்குத் தெரியாதா அந்த முடிச்சு? கட்டியவளே அவள்தானே.

விளாத்திகுளத்தில் அவள் அப்பா டிராக்டர் வாங்கியபோது, கண்ணு படாமல் இருக்கக் கறுப்புத் துணியில் கல்லுப்பும் மிளகாயும் முடிந்து, சீட்டுக்கு அடியில் வைத்தார். வருஷம் ஒரு முடிச்சு. அதைப் பார்த்து வளர்ந்தவள், இங்கே ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும், மந்திரமூர்த்தி பூசணிக்காய் எடுக்க உள்ளே போகிற நேரமாகப் பார்த்து, சக்கரத்துக்குச் சந்தனம் வைக்கிற சாக்கில் குனிவாள். வலது சட்டத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. வளையலைக் கழற்றிவிட்டு முடிச்சை உள்ளே தள்ளிவிடுவாள். விளாத்திகுளத்து மண் காய்ந்த மண், அங்கே உப்பு கல்லாகவே கிடக்கும். இந்த ஊர்க் காற்றில் அது கசிந்து கசிந்து இரும்பைத் தின்னும் என்று அவள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் உப்பளத்து ஊருக்கு வாக்கப்பட்டு முப்பது வருஷம் ஆகிறது.

“சுடலை,” என்றார் மந்திரமூர்த்தி. “சுடலைக்கண்ணன் வேலைதான் இது.”

சுடலைக்கண்ணன் அவருடைய கூடப்பிறந்த தம்பி. ஆழ்வார்திருநகரியில் நெல் மில் வைத்திருக்கிறான். கார் வந்த புதிதில், பெண் பார்க்கப் போவதற்கு ஒரே ஒரு நாள் கேட்டான். “தொட்டா கைய ஒடிச்சிருவேன்,” என்றார் அண்ணன். “இந்தக் கார் ஒனக்கு நெலைக்காது பாரு,” என்றான் தம்பி. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வார்த்தைக்கு வார்த்தை வளர்ந்து, அவன் கல்யாணத்துக்கு இவர் போகவில்லை, இவர் வீட்டுக் காதுகுத்துக்கு அவன் வரவில்லை. பேச்சுவார்த்தை இல்லாமலே வருஷங்கள் ஓடிவிட்டன.

“யப்பா, சித்தப்பா அப்படிப்பட்டவரு இல்லப்பா,” என்றாள் ரம்யா.

“ஒனக்கு என்ன தெரியும்? நெலைக்காதுன்னு சொன்னான்லா? சொன்னத செஞ்சு காட்டிட்டான்!”

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தம்பியின் நம்பரைத் தேடினார். அழைப்பு போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

“எடுக்க மாட்டான். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்லா?” போனைக் கார்க் கதவின் மேல் வைத்தார். அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. முருகேஸ்வரியைப் பார்த்து, “போதும்ளா. இந்த வண்டி நமக்கு வேண்டாம். செய்வினை வச்ச வண்டியில ஒன்னைய ஏத்திட்டுப் போவ மாட்டேன். கிளைட்டன், காயலான் கடைக்காரன வரச் சொல்லு. இன்னைக்கே தூக்கிட்டுப் போவட்டும்,” என்றார்.

முருகேஸ்வரி வாயைத் திறக்காமல் நின்றால் போதும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. கார் போகும், பட்டுப்புடவை பீரோவுக்குத் திரும்பிப் போகும், செய்யாத குற்றத்துக்குச் சுடலைத் தம்பி ஆயுசுக்கும் பழி சுமப்பான். வாயைத் திறந்தாலோ, இத்தனை வருஷம் சக்களத்தி சக்களத்தி என்று கரித்துக்கொட்டிய வீறாப்பெல்லாம் திரேஸ்புரம் மணலில் கொட்டிவிடும். அதோடு, புருஷன் உயிராய் வைத்திருந்த வண்டியை அரித்தவள் என்ற பேரும் வரும்.

வீம்பா, பழியா என்று யோசிக்க அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. அவள் வீம்புக்காரிதான், பாவம் செய்கிறவள் இல்லை.

“அது சுடலைத் தம்பி வைக்கல,” என்றாள். “நான் வச்சேன்.”

“எதுளா?” என்றார் மந்திரமூர்த்தி.

“அந்த முடிச்சுதான். கண்ணு படாம இருக்க எங்கப்பா டிராக்டருக்கு வைப்பாரு. அதே மாதிரி நானும் வச்சேன், ஒவ்வொரு ஆயுத பூசைக்கும். பழைய பாவாடையக் கிழிச்சுக் கட்டுனது. வேணும்னா அவுத்துப் பாருங்க, என் தையல்தான் இருக்கும்.”

கிளைட்டன் குனிந்து ஒரு முடிச்சை எடுத்துப் பார்த்தார். பாவாடை என்றதும் சட்டென்று கீழே வைத்துவிட்டார்.

மந்திரமூர்த்தி மனைவியையும் முடிச்சையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முருகேஸ்வரியும் அப்படித்தான் நினைத்து, முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள்.

“நீதான் இந்த வண்டியக் கண்டாலே ஆகாதும்பியே,” என்றார் அவர் மெதுவாக. “ஏறவே மாட்டேன்னு சத்தியம் பண்ணுன வண்டிக்குக் கண்ணு பட்டா ஒனக்கு என்ன?”

“வண்டி எக்கேடு கெட்டா எனக்கு என்ன? உள்ள ஒக்காந்து ஓட்டிட்டுப் போறது ஆரு?” என்றாள் முருகேஸ்வரி. “காத்தாப் பறப்பீங்க. வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு அடுப்புல என்ன இருக்குன்னே தெரியாது.”

மந்திரமூர்த்தி அந்த முடிச்சுகள் ஒவ்வொன்றையும் மணலிலிருந்து பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறார் என்று ரம்யா பதறிப்போய் ஓடி வந்தாள். அழவில்லை. மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“வெளிய நான் வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கேன். உள்ள இவ வருஷா வருஷம் உப்பு வைக்கா! ராஜதுரை, எந்த மெக்கானிக்குலே இத சரிபண்ணுவான்?”

“உப்பத் தின்னது காரு. தண்ணி குடிக்கது நாமளா?” என்றார் கிளைட்டன். வள்ளத்து ஆட்கள் தைரியம் வந்து திரும்ப நெருங்கினார்கள். கடற்கரையே சிரித்தது.

ராஜதுரைக்குப் போன உயிர் திரும்பி வந்துவிட்டது. சுத்தியலைப் பொறுக்கிக்கொண்டு வலது பக்கத்தை இன்னொரு தடவை முழுசாகத் தட்டிப் பார்த்தார். “செய்வினைன்னாத்தான் எனக்கு வேலை தெரியாது. உப்புன்னா தெரியும். முடிச்சு கெடந்த எடம் மட்டுந்தான் போயிருக்கு, முன்னயும் பின்னயும் இரும்பு கல்லு மாதிரி நிக்கி. போன துண்டை வெட்டி எறிஞ்சிட்டு, அதே கனத்துல புது இரும்புச் சேனல் வச்சு வெல்டு பண்ணிருதேன். உள்ளுக்குள்ளயும் துரு ஏறாம மெழுகு ஆயில் பாய்ச்சி விட்டுரலாம். வெள்ளிக்கெழமைக்குள்ள நிக்கும் அண்ணாச்சி.”

“நெசமாவா?” என்று கேட்டது மந்திரமூர்த்தி இல்லை, முருகேஸ்வரி. கேட்ட வேகத்தில் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கடலைப் பார்த்துக்கொண்டாள்.

“நெசம்தான் அக்கா. ஆனா இனிமே உப்ப சாம்பார்ல மட்டும் போடுங்க.”

மந்திரமூர்த்தி மணல் மூட்டைகள் மேல் கிடந்த சிவப்பு உடம்பை நோக்கி நடந்தார். கதவைத் திறந்தார். சக்கரம் இல்லை, இன்ஜின் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை, இரண்டு சீட்டு மட்டும் இருந்தது. ஒன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டு, மற்றதைத் துண்டால் தட்டினார்.

“வா.”

“சக்கரம் இல்லாத காருலயா? ஊரு சிரிக்கும்.”

“ஊரு ஏற்கனவே சிரிச்சிட்டுத்தான் இருக்கு. வாளா.”

முருகேஸ்வரி சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். சீட்டு அவள் நினைத்ததைவிடப் பள்ளமாக இருந்தது. புருஷனின் தோள் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே! இரண்டு சீட்டு மட்டும் வைத்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது என்று முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. மறைக்கவும் முடியவில்லை, மறைக்கப் பிடிக்கவும் இல்லை.

அப்போது கார்க் கதவின் மேல் இருந்த போன் அடித்தது.

சுடலைக்கண்ணன் என்று பெயர் வந்தது. மந்திரமூர்த்தி கையை நீட்டினார், மடக்கிக்கொண்டார். எந்த முகத்தோடு எடுப்பது? திட்டுவதற்காகத்தானே கூப்பிட்டார்? அடித்துக்கொண்டே இருந்த போனை முருகேஸ்வரி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“தம்பி, நான் மைனி பேசுதேன்.”

“மைனி! அண்ணனுக்கு என்ன?” அந்தப் பக்கம் மூச்சு இரைத்தது. “மில்லு சத்தத்துல போன் அடிச்சது கேக்கல. அண்ணன் நம்பரப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே? மறைக்காதீங்க மைனி. நான் பைக்க எடுத்துட்டேன், இந்தா இப்பவே வாரேன்.”

மந்திரமூர்த்தியின் கையில் உப்பு முடிச்சுகள் அப்படியே இருந்தன. அவர் முகத்தைப் பார்க்க முருகேஸ்வரிக்கே பாவமாக இருந்தது. போனை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். அவர் குனிந்து வாயைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

“ஏலே சுடலை... சாப்ட்டியாலே?”

அந்தப் பக்கம் தம்பி அழுகிற சத்தம் கேட்டது. இங்கே முருகேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வந்தது.

“இன்னும் இல்லண்ணே,” என்றான் சுடலைக்கண்ணன் கடைசியில். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பாடியத் தூக்கியாச்சா? சேசிஸ் எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டான்.

மந்திரமூர்த்தியின் புருவம் ஏறியது. காரை இங்கே கொண்டுவந்த விஷயம் அக்கம்பக்கத்துக்கே தெரியாது. ஆழ்வார்திருநகரியில் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அவர் முருகேஸ்வரியைப் பார்த்தார். முருகேஸ்வரி சுற்றும் முற்றும் பார்த்தாள்.

சற்றுத் தள்ளி, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த, காரை மூடுகிற தார்பாயைப் பிரித்து, ரம்யா மறுபடியும் வெகு கவனமாக மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏளா ரம்யா,” என்றாள் முருகேஸ்வரி. “அந்தச் செல்போனக் கொண்டுட்டு இங்கன வா.”